மூச்சும் மின்சாரமும்

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நான்காகப் பிரித்து வைத்தார்கள் நம் முன்னோர். தமிழ் எம்.ஏ. வகுப்பில் இதை மனப்பாடம் செய்தவர்களுக்கு, உலகத்தின் எந்த வாத்தியத்தையும் இந்த நான்கு பெட்டிகளில் ஒன்றில் போட்டுவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு. கிளாரினெட்டைக் கொடுங்கள், யோசிக்காமல் துளைக்கருவி என்போம். ஹாமண்ட் ஆர்கனைக் கொடுத்தால் விழிப்போம். அதில் தோல் இல்லை, துளை இல்லை, நரம்பு இல்லை, ஒன்றோடொன்று மோதும் வெண்கலமும் இல்லை. உள்ளே இருப்பவை பல் வைத்த எஃகுச் சக்கரங்கள், காந்தங்கள், கம்பிச் சுருள்கள், ஒரு மோட்டார். பார்த்தால் மாவு மில் ஞாபகம்தான் வரும்.

மூச்சில்லாமல் ஒலிக்காத ஒரு வாத்தியம், மூச்சென்றால் என்னவென்றே அறியாத ஒரு வாத்தியம். இந்த இரண்டையும் ஜாஸ் கலைஞர்கள் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடிக்கடி அல்ல. ஜாஸ் ஆர்கன் என்றாலே பக்கத்தில் டெனார் சாக்ஸபோன் நிற்கும் என்பதுதான் எழுதப்படாத விதி. ஆனால் ஜாஸ் இசைத்தட்டுகளில் ஹாமண்டின் வரலாறு தொடங்கும் காலத்திலேயே அதன் அருகில் கிளாரினெட் வந்து நின்றிருக்கிறது.

1939 ஜூன் 26. இடம் சிகாகோ. கிளென் ஹார்ட்மன் என்ற ஆர்கன் கலைஞரின் தலைமையில் ஐந்து பேர் ஆறு பாடல்களைப் பதிவு செய்தார்கள். குழுவின் பெயர் 'ஹாமண்ட் ஃபைவ்'. லீ காஸ்டால்டோ டிரம்பெட். கிதாருக்கு ஃப்ரெடி கிரீன், டிரம்ஸுக்கு ஜோ ஜோன்ஸ். இவர்கள் இருவரும் கவுண்ட் பேஸியின் புகழ்பெற்ற குழுவைச் சேர்ந்தவர்கள். அதே குழுவிலிருந்து வந்த ஐந்தாமவர் லெஸ்டர் யங். டெனார் சாக்ஸபோனில் அவர் ஒரு யுகபுருஷர். அவர் கிளாரினெட்டும் வாசிப்பார் என்பதும், அதில் பதிவானது மிகக் குறைவு என்பதும் ரசிகர்களுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான். ஆறு பாடல்களையும் சேர்த்தால் இருபது நிமிஷம் வராது. மகத்தான இசை என்று நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆர்கன் சினிமாக் கொட்டகை பாணியில் கனமாக, கொஞ்சம் அசட்டுத்தனமாகவே ஒலிக்கிறது. அதன் பக்கத்தில் லெஸ்டரின் கிளாரினெட் சன்னமாக, அடுத்த வீட்டாருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பது போலப் பேசுகிறது. ஆனால் யார் எங்கே நின்றிருந்தார்கள் என்று பார்த்தால் இந்த இருபது நிமிஷம் சுவாரசியமானது. அன்றைக்குக் கிளாரினெட் அரசன். ஹாமண்ட் நான்கு வயதுக் குழந்தை. அதுவும் நீதி விசாரணைக்குப் போய்த் திரும்பிய குழந்தை.

விசாரணையைச் சொல்வதற்கு முன் குழந்தையின் பிறப்பைச் சொல்ல வேண்டும். லாரன்ஸ் ஹாமண்ட் (1895-1973) சிகாகோவில் மின்சாரக் கடிகாரம் தயாரித்தவர். அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பிசகாமல் ஒத்துச் சுழலும் மோட்டார்தான் அவர் கைச்சரக்கு. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடிகாரம் விற்காமல் போனபோது, தானே சீட்டுக் கலைத்துப் போடும் மேஜை ஒன்றைச் செய்து விற்றுப் பார்த்தார். அதற்கடுத்து வந்தது ஆர்கன். மோட்டார் சுழற்ற, ஒவ்வொரு பற்சக்கரமும் ஒரு காந்தத்தின் முன் சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது கம்பிச் சுருளில் மெல்லிய மின்னலை எழும். அதைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விட்டால் சுரம். கம்பெனியின் பொருளாளர் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். எது நன்றாயிருக்கிறது, எது இல்லை என்று காது கொடுத்துச் சொன்னவர் அவர். 1934இல் காப்புரிமை கிடைத்தது. 1935இல் ஆர்கன் கடைக்கு வந்தது.

சுருதி கலையவே கலையாது என்பது அதன் பெருமை. அந்தப் பெருமை மின்சாரக் கம்பெனியின் தயவில் நிற்பது. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. மின்னழுத்தத்தை மட்டும் சரிசெய்து அந்த ஊர் ஆர்கனை நம் ஊர்ப் பிளக்கில் சொருகினால் மோட்டார் மெதுவாகச் சுழலும். எல்லாச் சுரங்களும் மூன்று அரைச்சுரத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் கீழே இறங்கிவிடும். 'சி' கட்டையை அழுத்தினால் 'ஏ'க்கும் கீழே கேட்கும். தம்புராவுக்கு வாய்க்காத கஷ்டம் இது.

இனி விசாரணை. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத சர்ச்சுகளைக் குறிவைத்து விற்றது ஹாமண்ட் கம்பெனி. 'நிஜமான குழாய் ஆர்கனுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல' என்ற ரீதியில் விளம்பரம். அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் இது பொய் விளம்பரம் என்று 1936இல் வழக்குத் தொடுத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெரிய தேவாலயத்தில் ஒரு பரீட்சை நடந்தது. அங்கிருந்த குழாய் ஆர்கனையும் ஹாமண்டையும் மறைவில் மாற்றி மாற்றி வாசித்தார்கள். கேட்க உட்கார்ந்தவர்களில் இசை நிபுணர்களும் மாணவர்களும் உண்டு. நிபுணர்கள் ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு முறை தவறாகச் சொன்னார்கள். ஆனாலும் 1938இல் வந்த தீர்ப்பு கம்பெனிக்கு எதிரானது: குழாய் ஆர்கனின் நாதம் முழுவதையும் தரும் என்று சொல்லக் கூடாது. ஆர்கன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

என்னைப் போல மொழிபெயர்ப்பில் காலம் தள்ளுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம். மூலத்துக்குச் சமம் என்று விளம்பரம் செய்யாதே. ஆனால் உனக்கும் ஒரு பெயர் உண்டு. நிபுணர்களில் மூன்றில் ஒரு பங்கை ஏமாற்ற முடிவது திறமை. ஆனால் ஹாமண்டுக்குப் புகழ் தந்தது அந்தத் திறமை அல்ல. அது ஏமாற்ற முடியாமல் மாட்டிக்கொண்ட இடங்கள்தான்.

அதன் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒன்பது மின் தொடர்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொள்ளும். அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். பொறியாளர்களுக்கு அது குறை, ஒழிக்கப் பாடுபட்டார்கள். ஜாஸ் கலைஞர்களுக்கோ அது வரப்பிரசாதம். சுரம் உயிரெழுத்து என்றால் அந்த 'டிக்' மெய்யெழுத்து. இரண்டும் சேர்ந்தால்தானே பேச்சு? இன்னொரு உதாரணம், டான் லெஸ்லி என்பவர் செய்த ஒலிபெருக்கி. அதனுள்ளே ஒலி வரும் பாகங்கள் சுழலும். நேராக வரும் தட்டையான நாதம் அலையாடிக்கொண்டு வரும். ஹாமண்டிடம் காட்டினார், அவர் வேண்டாம் என்றுவிட்டார். இன்றைக்கு ஹாமண்ட் என்றதும் காதில் ஒலிக்கும் அந்தக் குழைவு பாதிக்கு மேல் லெஸ்லியுடையது. கறுப்பின மக்களின் ஏழைச் சர்ச்சுகள் இந்த மலிவான ஆர்கனை வாங்கின. பிரசங்கியின் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுத்து அழவும் அதட்டவும் அங்கேதான் அது கற்றுக்கொண்டது. குழாய் ஆர்கனுக்கு நகலாகப் பிறந்தது, குழாய் ஆர்கனால் செய்ய முடியாததைச் செய்யத் தொடங்கியது.

இதில் கிளாரினெட் எங்கே வருகிறது? நம் மேல்நிலைப் பள்ளி இயற்பியல் புத்தகத்தில் 'ஒருபுறம் மூடிய ஆர்கன் குழாய்' என்று ஒரு பாடம் உண்டு. அந்தக் குழாயில் அடிச்சுரத்தின் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒலிகள் எழும். இரண்டு மடங்கும் நான்கு மடங்கும் எழா. கிளாரினெட் ஏறக்குறைய அந்தக் குழாய்தான். ஒற்றைச் சீவாளி வைத்த வாய்ப்பகுதி மூடிய முனையாக நடந்துகொள்கிறது, உடல் நேர் உருளை. கீழ்ச் சுரங்களில் இரட்டைப்படை மேற்சுரங்கள் மங்கிப்போவதால்தான் அதன் குரலில் அந்த வெறுமை, மரப்பொந்துக்குள்ளிருந்து வருவது போன்ற கருமை. நாகசுரத்துக்கும் சாக்ஸபோனுக்கும் உடல் கூம்பு வடிவம். ஆகவே மேற்சுரங்கள் எல்லாமே வந்துவிடும், குரலும் நிறைந்துவிடும்.

ஹாமண்டில் ஒவ்வொரு மேற்சுரமும் தனித்தனியே கைவசம் இருக்கிறது. இழுத்து நீட்டும் ஒன்பது பிடிகள் உண்டு. எதை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த மேற்சுரம் அவ்வளவு சேரும், சமையலில் உப்பு, புளி சேர்ப்பது போல. ஒன்று, மூன்று, ஐந்து மடங்குப் பிடிகளை நீளமாக இழுத்து, இரண்டையும் நான்கையும் குறைத்தால் ஆர்கன் கிளாரினெட்டாகப் பேசத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் இழுக்கச் சோம்பேறித்தனம் உள்ளவர்களுக்காகச் சில சேர்க்கைகளைக் கம்பெனியே தயார் செய்து தனிக் கட்டைகளில் வைத்துக் கொடுத்தது. புகழ்பெற்ற பி-3 மாடலில் அப்படி ஒரு கட்டைக்குக் 'கிளாரினெட்' என்றே பெயர்.

ஆக, ஆர்கனின் வயிற்றுக்குள் ஏற்கெனவே ஒரு கிளாரினெட் இருக்கிறது. அப்படியிருக்க நிஜக் கிளாரினெட் கலைஞர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? நகலையும் மூலத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதுதான். சிகாகோ தேவாலயத்தின் பரீட்சை இந்த முறை திரையில்லாமல் நடக்கிறது.

விடை சீக்கிரமே தெரிந்துவிடும். ஆர்கனில் கட்டையை அழுத்திய கணத்திலேயே சுரம் முழு உருவத்தோடு வந்து நிற்கும். விரலை எடுத்தால் வெட்டிவிட்டது போல் நிற்கும். நடுவில் அது தேய்வதில்லை, களைப்பதில்லை. மின்சாரம் இருக்கும்வரை ஒரே சுரத்தை நாள் முழுக்க நீட்டலாம். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காலடியில் ஒரு மிதி. கிளாரினெட் சுரம் அப்படியல்ல. ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல முளைத்து, உதட்டின் அழுத்தத்தில் சற்று மேலேறி, சற்றுக் கீழே வளைந்து, மூச்சு தீரும் இடத்தில் முடிகிறது. வாசிப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே வாக்கியம் முடிகிறது. ஆர்கனுக்கு முற்றுப்புள்ளியை யாராவது வைக்க வேண்டும். கிளாரினெட்டுக்கு அது உடம்பிலேயே இருக்கிறது.

அப்படியானால் இந்த ஜோடி ஏன் ஊர் ஊராகப் பரவவில்லை? காரணத்தில் பாதி அழகியல், பாதி பிழைப்பு.

1938 ஜனவரி 16 அன்று பென்னி குட்மன் தம் கிளாரினெட்டோடு நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஏறினார். ஜாஸ் சரித்திரத்தில் பெரிய நாட்களில் ஒன்று அது. அதே ஆண்டு ஆர்ட்டி ஷாவின் கிளாரினெட் அமெரிக்கா முழுக்க ஒலித்தது. ஹார்ட்மனின் பதிவு நடந்தபோது ஜாஸ் என்றால் கிளாரினெட் என்று சொல்லும் நிலை. 1940களில் வேகமும் சிக்கலும் கூடிய பீபாப் வந்தது, டிரம்ஸ் சத்தம் ஏறியது, மைக் பெருகியது. சாக்ஸபோனில் மேல் சுருதிக்குப் போனால் விரல்கள் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். கிளாரினெட் மூடிய குழாய் ஆதலால் எட்டாம் சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாம் சுரத்துக்குத் தாவும். மேலே வேறு விரலமைப்பு, நடுவில் கடக்க ஒரு சங்கடமான பாலம். பட்டி டிஃபிராங்கோ போன்ற ஒரு சிலரே அதில் பீபாபைத் துணிந்து வாசித்தார்கள். ஆர்ட்டி ஷா 1954இல் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். அடுத்த ஐம்பது ஆண்டு உயிரோடிருந்தும் அந்த நாட்களுக்குத் திரும்பவில்லை. அந்த ஆண்டின் கடைசியில்தான் ஹாமண்ட் பி-3 வெளிவந்தது. ஒன்று படியிறங்க, மற்றது படியேறியது.

படியேற்றியவர் ஜிம்மி ஸ்மித். பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர் ஆர்கனுக்கு மாறி, பிலடெல்பியாவில் ஒரு கிடங்கில் அடைந்து கிடந்து சாதகம் செய்தார். 1956இல் புளூ நோட் நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. வலது கை பாட்டு, இடது கை பாஸ், அதற்கு அழுத்தம் கொடுக்கக் கால். தனியாக ஒரு பாஸ் கலைஞர் தேவையில்லை. நான்கு பேருக்குக் கொடுத்த சம்பளத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் போதும் என்று கண்ட கிளப் முதலாளிகள் மகிழ்ந்தார்கள். பாஸ் கலைஞர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. 1939இல் ஹார்ட்மனின் குழுவிலேயே பாஸ் வாத்தியம் இல்லை என்பதைக் கவனித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. இயந்திரம் வந்தால் யாராவது ஒருவர் எழுந்து போக வேண்டியிருக்கிறது. இசையும் விலக்கல்ல.

மிச்சமிருந்த ஒரு நாற்காலிக்குக் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் போட்டியிட்டால் சத்தமுள்ளதுதான் ஜெயிக்கும். ஆர்கன் வாசிப்பவர் பிடிகளைத் தாராளமாக இழுத்துவிட்டால் கிளாரினெட்டின் அழகான கீழ்ச் சுரங்கள் வெள்ளத்தில் அகல்விளக்குப் போலக் காணாமல் போகும். டெனார் சாக்ஸபோன் நின்று சண்டை போடும். கிளாரினெட்டோடு வாசிக்க வேண்டுமென்றால் ஆர்கன்காரர் பிடிகளை உள்ளே தள்ள வேண்டும், இடது கையை ஒடுக்க வேண்டும், பல இடங்களில் சும்மாயிருக்க வேண்டும். இருநூறு கிலோவை நெருங்கும் வாத்தியத்தைப் படியேற்றிக் கொண்டுவந்த மனிதரிடம் சும்மாயிரு என்று சொல்வது லேசான காரியமில்லை.

இந்தப் பிரச்சினை நமக்கும் அந்நியமானதல்ல. கட்டை வைத்த வாத்தியம் கமகத்தைக் கொல்லும் என்ற வாதத்தில் ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது, 1971இல்தான் தளர்த்தியது. கிளாரினெட்டுக்கு இந்தக் கதி நேரவில்லை. சதிர் ஆட்டத்தின் சின்ன மேளத்திலும் ஊர்வல பேண்டிலும் நம் காதுக்குப் பழகி, திருச்சியின் ஏ.கே.சி. நடராஜன் போன்றவர்களின் கையில் முழுக் கச்சேரி வாத்தியமாக உயர்ந்தது. அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவைதான். ஆனால் ஒன்று மூச்சால் வளைகிறது, மற்றது வளைவதில்லை. நம்மவர்கள் தடை போட்டுச் சொன்னதை ஜாஸ் கலைஞர்கள் தடையில்லாமல், பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்கள்.

கிளாரினெட்டுக்கு மறுபடி நல்ல காலம் வந்தபோது பழைய ஜோடியும் அங்கங்கே தலைகாட்டியது. நியூயார்க்கின் டான் பைரன், ஜாஸில் கிளாரினெட்டை மீண்டும் முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 2006இல் 'டூ த பூமராங்' என்ற ஆல்பத்தில் சோல் இசை சாக்ஸபோன் கலைஞர் ஜூனியர் வாக்கரின் பாடல்களை எடுத்துக்கொண்டார். ஜார்ஜ் காலிகன் ஹாமண்ட் வாசிக்கிறார். பைரன் சாக்ஸபோன்தான் அதிகம் எடுக்கிறார் என்றாலும், கிளாரினெட் வரும் இடங்களைத் தனியே கவனித்துக் கேட்கலாம்.

இதற்கிடையில் பற்சக்கர ஆர்கன்களின் உற்பத்தி 1970களின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஹாமண்ட் என்ற பெயர் இப்போது ஜப்பானின் சுஸுகி நிறுவனத்திடம். கையில் தூக்கிப் போகும் டிஜிட்டல் ஆர்கனிலும் கம்ப்யூட்டர் புரோகிராமிலும் அதே நாதத்தைத் தருகிறார்கள். அவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. சர்க்யூட்டில் அந்த 'டிக்' சத்தம் இயல்பாக வராது. ஆகவே மெனக்கெட்டு உண்டாக்கிச் சேர்க்கிறார்கள். எவ்வளவு 'டிக்' வேண்டும் என்று கூட்டிக் குறைக்கவும் வசதி. அன்றைய பொறியாளர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறையை இன்றைய பொறியாளர்கள் பாடுபட்டு உண்டாக்குகிறார்கள். நகல் என்று கண்டிக்கப்பட்டது இப்போது மூலமாகிவிட்டது. அதற்கும் நகல்கள் வந்துவிட்டன. அவை மூலத்துக்குச் சமம் என்ற விளம்பரமும் வந்துவிட்டது. இந்த முறை யாரும் வழக்குப் போடவில்லை.

எழுத்தையும் மொழிபெயர்ப்பையும் கம்ப்யூட்டரே செய்து தரும் காலத்தில் இதை வெறும் வாத்தியக் கதையாக என்னால் வாசிக்க முடியவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிபுணர்களை அல்ல, முக்கால் பங்கையே ஏமாற்றும் நகல்கள் வரும். வரட்டும். ஹாமண்டின் கதை சொல்லும் பாடம் எளிமையானது. நகல் தன் சொந்தக் குரலைக் கண்டுபிடித்தபோது மூலத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை; குழாய் ஆர்கன்கள் இன்றும் தேவாலயங்களில் ஒலிக்கின்றன. நஷ்டம் எழுந்து போன பாஸ் கலைஞருக்குத்தான். நகல் எவ்வளவு நன்றாயிருக்கிறது என்று வியந்து நிற்கும் நாம், யாருடைய நாற்காலி காலியானது என்றும் சேர்த்துக் கேட்கலாம்.

ஹார்ட்மனின் அந்த ஆறு பாடல்கள் லெஸ்டர் யங்கின் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கின்றன. கிடைத்தால் கேட்டுப் பாருங்கள். ஆர்கனின் அசட்டுத்தனத்தை மன்னித்துவிடுங்கள். லெஸ்டர் கிளாரினெட்டில் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததற்கு மூச்சு வாங்கும் அரை வினாடியில் கவனம் வையுங்கள். ஆர்கன் அப்போதும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அதற்கு நிற்க வேண்டிய அவசியமில்லை. லெஸ்டருக்கு இருக்கிறது.